ரூக்கூம் பண்ணையின் மூன்றாவது உயிர்

ஜேபஸ் லக்ஸ்டன் கூரைமேல் ஏறினால் எங்கள் ஊரில் இரண்டு பேர் கைவேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். ஒருத்தி, விழுந்துவிடப் போகிறானே என்று பார்ப்பாள். இன்னொருவர், விழுந்து தொலைக்க மாட்டேன் என்கிறானே என்று பார்ப்பார். இரண்டு பேருக்கும் அவன் உறவில்லை. அவன் பிறந்த நேரம் அப்படி.

எங்கள் டெவன் பக்கத்தில் அந்த நாளில் நிலத்தை வருஷக் கணக்கில் குத்தகைக்கு விடமாட்டார்கள், உயிர்க் கணக்கில் விடுவார்கள். குத்தகைக்காரன் முதலிலேயே ஒரு பெருந்தொகையைக் கட்டிவிட்டு மூன்று பேரின் பெயரைச் சொல்லுவான். அந்த மூவரில் ஒருவருக்கு மூச்சு ஓடுகிற வரைக்கும் நிலம் அவனுக்கு, அவனுக்குப் பிறகு அவன் பிள்ளைகளுக்கு. மூன்றாவது மூச்சும் நின்றால் வீடு, வயல், கிணறு எல்லாம் மாளிகையில் இருக்கும் பிரபுவுக்குத் திரும்பிவிடும். யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த ஆளுக்கு நிலத்தில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. அவன் செய்ய வேண்டியதெல்லாம் சாகாமல் இருப்பது மட்டும்தான்.

ரூக்கூம் பண்ணையை எடுத்தவர் ஹம்ப்ரி எண்டகாட். முதல் உயிராகத் தன்னையே சொன்னார். இரண்டாவது, மூத்த மகன் ரிச்சர்ட். மூன்றாவதுக்கு அவருடைய கடைக்குட்டி இருந்தது, ஆனால் அது பிறந்ததிலிருந்து சளியும் இருமலுமாகக் கிடந்தது. கபம் கட்டிய குழந்தையின் நெஞ்சின்மேல் பண்ணையை ஏற்றி வைக்க எந்த அப்பனுக்குத் தைரியம் வரும்? அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சில் கொத்தனார் லக்ஸ்டனின் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. பாதிரியார் குரலை உயர்த்தினார், குழந்தையும் உயர்த்தியது. கடைசியில் பாதிரியார்தான் நிறுத்தினார். ஹம்ப்ரி திரும்பிப் பார்த்தார். "இந்தத் தொண்டை நூறு வருஷம் தாங்கும்" என்றார். இப்படித்தான் ஜேபஸ் மூன்றாவது உயிரானான். கொத்தனார் வீட்டுக்கு ஒரு பெரிய பாலாடைக்கட்டி போயிற்று. அந்தச் சளிப் பிள்ளையோ இன்றைக்கும் எக்ஸெட்டரில் கம்பளிக் கடை வைத்துக்கொண்டு ஜம்மென்று இருக்கிறது.

என் பெயர் ஹானர். கடற்கரைக்கு இறங்கும் பாதையில் இருக்கும் மதுக்கடை என்னுடையது. ஜேபஸ் எனக்குச் சில வயது மூத்தவன், ஆனாலும் எனக்கு அவன் 'அவன்'தான். எங்கள் கடை பெஞ்சில் அவன் குடித்த ஆப்பிள் சாராயத்தை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு கன்றுக்குட்டி நீந்தலாம்.

வளர்ந்ததும் அவன் கூரை வேயும் தொழிலுக்குப் போனான். தச்சு, தையல் என்று தரையில் உட்கார்ந்து செய்கிற தொழில் எத்தனையோ இருக்க, இவன் மட்டும் ஏணியைத் தேடிப் போனான். கெட்டிக்கார வேலைக்காரன்தான், சந்தேகமில்லை. அவன் வேய்ந்த கூரை ஒழுகாது. ஆனால் வேலை முடிந்ததும் முகட்டில் வைக்கோலால் ஒரு வாத்து செய்து வைப்பான். மற்ற ஊர்க்காரர்கள் சேவலோ நரியோ வைப்பார்கள். இவனுக்கு வாத்துதான் வரும், அதுவும் கழுத்து நேராக நிற்காது. முதுகுப்பக்கம் திரும்பி, யாரோ கூப்பிட்டதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும். "வேணும்னேதான் அப்படி வெச்சேன்" என்பான். ஒருமுறையாவது நேராக வைத்துக் காட்டு என்றால் பேச்சை மாற்றிவிடுவான்.

ஹம்ப்ரி வயதாகிப் போய்ச் சேர்ந்தார். ரிச்சர்ட் இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. ரிச்சர்டும் ஒரு வசந்தகாலத்தில், ஆடுகள் குட்டி போடும் நேரம் மழையில் நனைந்து, காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவே இல்லை. அவன் மனைவி தாமசினுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. கையில் பிலிப் என்று ஒரு பிள்ளை.

அடக்கம் முடிந்த மறுநாள் பிரபுவின் காரியஸ்தர் பின்சென்ட் வந்தார். ஒரு உயிர் போனால் பண்ணையின் சிறந்த மாடு பிரபுவுக்கு என்பது வழக்கம். தொப்பியைக் கழற்றித் துக்கம் விசாரித்தார். அப்படியே தொழுவத்துக்குப் போய் நல்ல எருதாகப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். தாமசின் வாசலில் மறித்துக் கேட்டாள்.

"காலியான ரெண்டு இடத்துக்கும் புதுசா ரெண்டு பேர் சேக்கணும், ஐயா. என்ன கட்டணுமோ கட்டறேன். என் பையன் பேரைச் சேத்துக்குங்க."

"பிரபுவுக்கு அந்த எண்ணம் இல்லையேம்மா. இந்த உயிர்க் குத்தகையெல்லாம் பழைய காலத்து வழக்கம். நிலம் கைக்கு வந்ததும் வருஷக் குத்தகைக்கு விடலாம்னு பாக்கறார்."

"அப்போ எங்களுக்குன்னு என்னதான் இருக்கு?"

"ஏன், ஜேபஸ் இருக்கானே!" என்று சொல்லிப் பின்சென்ட் மூக்குப்பொடி போட்டுக்கொண்டார்.

கறுப்பு உடையை மாற்றாமலேயே தாமசின் நேராக ஊருக்குள் வந்தாள். ஜேபஸ் கொல்லன் வீட்டு முகட்டில் குதிரை சவாரி மாதிரி இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

"இறங்கு" என்றாள்.

"இன்னும் பாதி இருக்கு, தாமசின்."

"மீதியை வேற யாராவது பாத்துக்கட்டும். நீ இறங்கு."

"யாராவதுன்னா யாரு? இந்தச் சுத்துவட்டாரத்துல நான்தான் கூரைக்காரன்."

"இந்தச் சுத்துவட்டாரத்துல நீதான் என் பண்ணையும்! கீழ இறங்குடா!"

ஜேபஸ் இறங்கினான். அன்றைக்கு அவள் போட்டிருந்த கறுப்பு உடைக்கு மரியாதை. மறுநாள் விடிந்ததும் மறுபடி ஏறிவிட்டான்.

அதற்குப் பிறகு ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. மழை தூறினால் ரூக்கூமிலிருந்து கம்பளிப் போர்வை வரும். தும்மினால் சூப் வரும். என் கடைக்கு வந்து தாமசின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்: "ரெண்டு குவளைக்கு மேல ஊத்தாதே, ஹானர். திரும்பற வழியில ஓடைப் பாலம் இருக்கு." மறுவாரமே பின்சென்ட் வந்து ஜேபஸின் பிறந்தநாளுக்கென்று பிராந்திப் பீப்பாய் ஒன்றை இறக்கினார். "இளைஞன்தானே, சந்தோஷமா இருக்கட்டும்" என்றார். அதோடு விடவில்லை. அடுத்த வருஷம் ஒரு குதிரையைப் பரிசாக அனுப்பினார். அது அதுவரை மூன்று பேரைக் கீழே தள்ளிய குதிரை. ஜேபஸ் ஏறி உட்கார்ந்தான், குதிரை அவனை மாளிகையின் வாத்துக் குளத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. சேற்றோடு எழுந்து வந்த அவனைப் பார்த்துப் பின்சென்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகுதான், ஒன்றும் ஆகவில்லை என்பது உறைத்து முகம் தொங்கிவிட்டது.

நான் ஜேபஸை முழுக்க அப்பாவி என்று சொல்ல மாட்டேன். அவன் இதையெல்லாம் நன்றாகவே அனுபவித்தான். ரூக்கூம் சமையலறை ஜன்னலோரம் நின்று லேசாக இருமுவான்.

"என்ன ஆச்சு?" என்று தாமசின் பதறி வருவாள்.

"ஒண்ணுமில்லை. நெஞ்சுல ஏதோ அடைக்குது. ஆட்டுக்கறிப் பணியாரம் தின்னா சரியாகும்னு நினைக்கறேன்."

"போன வாரம்தானே தின்னே?"

"போன வாரம் சரியாச்சே!"

இப்படி இரண்டு மூன்று வருஷம் ஓடியது. பிறகு ஒரு குளிர்காலத்தில் அவனுக்கு நிஜமாகவே நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. பிதற்றினான். தாமசின் அவனை ரூக்கூமுக்கே தூக்கிவரச் சொல்லித் தன் கட்டிலைக் கொடுத்தாள். நாள்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அவள் தூங்கி யாரும் பார்க்கவில்லை. கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்டினாள். பிழைப்பானா என்று ஊரே நினைத்தபோது காய்ச்சல் விட்டது. கண் திறந்ததும் அவன் அவள் கையைப் பிடித்து அழுதுவிட்டானாம். தாய் இறந்த பிறகு யாரும் அவனுக்கு அப்படிச் செய்ததில்லை.

அவள் கையை மெல்ல எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் பிலிப்பைக் கட்டிக்கொண்டு, "பண்ணை பிழைச்சுதுடா கண்ணு, பண்ணை பிழைச்சுது" என்றாள். கதவு சாத்தியிருக்கவில்லை.

உடம்பு தேறியதும் ஜேபஸ் என் கடைக்கு வந்தான். இரண்டாவது குவளையைத் தொடாமலே உட்கார்ந்திருந்தான்.

"நான் கிளம்பறேன், ஹானர். கப்பல்ல நியூஃபவுண்ட்லாந்துக்கு, பெருங்கடலுக்கு அந்தப் பக்கம். மீன் பிடிக்க ஆள் எடுக்கறாங்க."

"உனக்கென்ன பைத்தியமா? உன்னைத் தங்கமாத் தாங்கறாங்க அந்தம்மா."

"தாங்கறாங்க. பண்ணையைத் தாங்கறாங்க. அவங்க சொன்னதுல தப்பு ஒண்ணுமில்லை. உண்மையைத்தான் சொன்னாங்க, அதான் தாங்க முடியலை." குவளையைத் தள்ளி வைத்தான். "நான் செத்தா யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லைங்கற ஊர்ல கொஞ்ச நாள் இருந்து பாக்கணும்."

போய்விட்டான். நான் தாமசினிடம் சொன்னபோது அவள் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் கை நின்றது. "போர்வை எடுத்துக்கிட்டுப் போனானா?" என்று மட்டும் கேட்டாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பின்சென்ட் வந்து விளக்கினார். குத்தகையின் உயிராக இருப்பவன் கடல் கடந்து போய், ஏழு வருஷம் அவனைப் பற்றிச் சேதி ஒன்றும் இல்லாமல் போனால், செத்தவனாகக் கணக்கு. அதற்குப் பிறகு நிலம் பிரபுவுக்கு. பின்சென்ட் இதைச் சொன்ன தொனியில் அவசரமே இல்லை. ஏழு வருஷம் காத்திருக்க அவரால் முடியும்.

தாமசினும் சும்மா இருக்கவில்லை. பிட்ஃபோர்டு துறைமுகத்துக்கு வருகிற கப்பல் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தாள். "ஜேபஸ் லக்ஸ்டன்னு ஒரு கூரைக்காரன். காது பெருசா இருக்கும். ஓயாம சீட்டியடிப்பான்" என்று கப்பல்காரர்களிடம் கேட்பாள். நியூஃபவுண்ட்லாந்தில் அப்படி யாரையும் எவரும் பார்க்கவில்லை. அங்கே கூரையும் வேய்வதில்லையாம், பலகைதானாம். வருஷங்கள் போகப் போக அவள் கேட்கிற குரலிலிருந்த அதட்டல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கெஞ்சலாகிவிட்டது.

ஏழாவது வருஷம் பிறந்துவிட்டது. பின்சென்ட் இப்போது ஒரு புதுக் குத்தகைக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து ரூக்கூம் வயல்களைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார்.

எங்கள் கரைக்கு எதிரே கடலுக்கு அந்தப்பக்கம் வேல்ஸ். வெளிச்சமான நாளில் ரூக்கூம் மேட்டு வயலில் நின்றால் அந்த ஊர் மலைகள் தெரியும். அங்கிருந்துதான் எங்கள் காளவாய்களுக்குச் சுண்ணாம்புக்கல் படகுகள் வரும். மோர்கன் என்கிற படகுக்காரர் கல் இறக்கிவிட்டு என் கடை முற்றத்தில் உட்கார்ந்து எங்கள் கூரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க? ஒழுகாது" என்றேன்.

"அது இல்லைம்மா. முகட்டுல ஒரு வாத்து இருக்கே. ஏன் அது முதுகைத் திரும்பிப் பாக்குது?"

"அது ஒரு கிறுக்கன் வெச்சது."

"அந்தக் கிறுக்கன் இப்ப எங்க ஊர்லல்ல இருக்கான்! எங்க பக்கம் ஏழெட்டு வீட்டுல இதே வாத்து திரும்பிக்கிட்டு நிக்குது."

நான் கையிலிருந்த ஜாடியைக் கீழே போட்டேன். அதன் விலையை அவரிடம் வாங்க மறந்தும் போனேன்.

மறுநாள் மோர்கனின் படகிலேயே தாமசின் ஏறினாள். தனியாக அனுப்ப மனசில்லை என்று நானும் ஏறினேன். உள்ளதைச் சொன்னால், வேடிக்கை பார்க்கத்தான் ஏறினேன். வழி முழுக்கத் தாமசின் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். நடுநடுவே நிமிர்ந்து, "நியூஃபவுண்ட்லாந்தாம்! நியூஃபவுண்ட்லாந்து!" என்று பல்லைக் கடித்தாள்.

ஆள் ஒரு பண்ணைவீட்டுக் கூரைமேல் இருந்தான். சற்றுக் கனத்திருந்தான். காது அதே காது. சீட்டியடித்தபடி வைக்கோல் கட்டைத் தூக்கித் திரும்பியவன், கீழே ஈரப் பாவாடையோடு நிற்கும் தாமசினைப் பார்த்தான். சீட்டி நின்றது. கால் வழுக்கியது. அத்தனை வருஷம் கொல்லன் வீட்டிலிருந்து கோயில் வரை ஏறியும் விழாதவன், அன்றைக்குச் சர்ரென்று சறுக்கிக்கொண்டு வந்து எருக்குவியலில் விழுந்தான்.

"ஐயோ! உயிரோட இருக்கியா?" என்று தாமசின் அலறிக்கொண்டு ஓடினாள்.

எருவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "கேக்கறது யாரு? நீங்களா, உங்க பண்ணையா?"

தாமசின் அப்படியே நின்றுவிட்டாள். பொய் சொல்வாள் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லவில்லை.

"ரெண்டும்தான்டா. எது எந்த அளவுன்னு பிரிக்க எனக்குத் தெரியலை. நீ காய்ச்சல்ல கிடந்தப்பவும் தெரியலை. பண்ணை பிழைச்சுதுன்னு நான் சொன்னது உன் காதுல விழுந்துதுன்னு இத்தனை வருஷம் கழிச்சுத்தான் ஹானர் சொன்னா. விழுந்திருக்கக் கூடாது. ஆனா சொன்னேன்."

அவன் எழுந்து உட்கார்ந்து தலையிலிருந்த வைக்கோலைத் தட்டினான். "நியூஃபவுண்ட்லாந்துக்குத்தான் கிளம்பினேன்" என்றான். "கப்பல் கரையைத் தாண்டறதுக்குள்ளயே குடல் வெளிய வந்துடுச்சு. எதிர்க்காத்துல இந்தப் பக்கம் ஒதுங்கினாங்க. இறங்கினவன் திரும்ப ஏறலை. நியூஃபவுண்ட்லாந்துக்குன்னு சொல்லிட்டு வந்தவன், எதிர்க்கரையில இருக்கேன்னு எப்படிச் சேதி அனுப்பறது?"

அதற்குள் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, பாவாடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு. சிவப்புச் சால்வை. அவன் மனைவி குவென்லியன். தான் கார்ன்வால் பக்கத்து அநாதை என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். தாமசின் விஷயத்தையெல்லாம் விளக்க, குவென்லியன் எருவில் உட்கார்ந்திருந்த புருஷனை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இந்த ஆள் மேலயா ஒரு பண்ணையே நிக்குது?"

"ஆமாம்மா."

"இந்தத் தலை முதல் கால் வரைக்கும்?"

"ஆமா."

குவென்லியன் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வியாபாரம் பேச வந்துவிட்டாள். எங்கள் ஊர்ச் சந்தையில்கூட நான் அப்படிப் பேரம் பேசி யாரையும் பார்த்ததில்லை. ரூக்கூமில் ஒரு குடிசை வேண்டும். ஒரு பசு வேண்டும். தோட்டத்துக்கு இடம் வேண்டும். அவர் கூரை ஏறுவார், யாரும் இறங்கச் சொல்லக் கூடாது.

"கடைசியா ஒண்ணு. இந்த மனுஷன் உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கற உரிமை எனக்கு மட்டும்தான். வேற யாரும் கேக்கக் கூடாது."

தாமசின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியதற்கு மட்டும் சற்று யோசித்துத்தான் ஆட்டினாள்.

ஒரு உயிரைக் கொண்டுவரப் போனவள், ஐந்து உயிரோடு திரும்பினாள்.

நாங்கள் ரூக்கூம் வாசலுக்கு வந்தபோது பின்சென்ட் புதுக் குத்தகைக்காரனுக்கு ஆப்பிள் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஜேபஸ் நேராக அவரிடம் போய்த் தொப்பியைத் தூக்கினான்.

"வணக்கம் ஐயா. நல்லா இருக்கீங்களா? ஏன் முகம் வெளுத்திருக்கு? மூச்சு வாங்குதா? குளிர்ல இப்படி வெறும் கழுத்தோட நிக்கலாமா?"

பின்சென்ட் அப்படியும் விடவில்லை. நீதிபதி முன்னால் போய், இவன் அந்த ஜேபஸ்தான் என்பதற்கு என்ன சாட்சி, கூலிக்குப் பிடித்து வந்த எவனோ என்றார். ஊரே திரண்டு சாட்சி சொன்னது. ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்க்காரனுக்குத்தான் பேசுவார்கள் என்றார் பின்சென்ட். ஜேபஸ் அவர் பக்கம் திரும்பினான்.

"நீங்க குடுத்த குதிரையில ஏறி, வாத்துக் குளத்துல தலைகீழா விழுந்தேனே, ஞாபகம் இருக்கா? எழுந்து வந்தப்ப என் சட்டைக்குள்ளேர்ந்து என்ன எடுத்தேன் சொல்லுங்க."

பின்சென்ட் உதட்டைக் கடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "தவளை" என்று சொல்லிவிட்டு, நீதிமன்றத்தில் எல்லார் முன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரைப் பற்றி என்ன சொன்னாலும், அந்தச் சிரிப்பில் கள்ளமில்லை. வழக்கு அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு ஜேபஸ் சாவான் என்று யாரும் காத்திருந்து பயனில்லை என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. பிரபு இறந்தார். அவர் மகன் வந்தார். பின்சென்ட்டும் போய்ச் சேர்ந்தார். அவர் அடக்கத்துக்கு ஜேபஸ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் நின்றான். "என் உடம்பைப் பத்தி இந்த மனுஷன் அளவுக்கு வேற யாரும் நினைச்சதில்லை, ஹானர்" என்றான். கேலியாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அதில் கேலி இல்லை.

தாமசின் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். அவன் கூரைமேல் இருந்தால் அந்தப் பக்கமே பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்து போய்விடுவாள். உடம்பைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். குவென்லியனைச் சந்தையில் பிடித்து, "உன் வீட்டு ஆட்டுக்குட்டி இருமற சத்தம் கேட்டுதே?" என்று கேட்பாள். குவென்லியனும், "ஆட்டுக்குட்டி நல்லாத்தான் இருக்கு. நேத்து மழையில நனைஞ்சுது, திட்டியிருக்கேன்" என்பாள்.

ஜேபஸுக்கு எழுபது தாண்டியபோது புதுப் பிரபுவுக்குக் கையில் நெருக்கடி. நிலங்களை ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தார். ரூக்கூமை வாங்க எக்ஸெட்டரிலிருந்து யாரோ ஒரு வியாபாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் வாங்கினால், ஜேபஸ் போன மறுநாளே எண்டகாட் குடும்பம் வெளியே. வியாபாரி கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்த மூன்றாவது உயிர் எப்படி இருக்கிறது?

அவர் வருகிற நாளன்று காலையில் தாமசின் தடியை ஊன்றிக்கொண்டு ஜேபஸின் குடிசைக்கு வந்தாள். கூடவே நானும் போனேன்.

"ஜேபஸ், கோயில் பக்கத்துத் தானியக் களஞ்சியத்துக் கூரை ஒழுகுதாமே."

"இல்லையே. போன வருஷம்தான் பாத்தேன்."

"ஒழுகுதுன்னு சொல்றேன். ஏறிப் பாரு."

ஜேபஸ் வாயைப் பிளந்தான். "நீங்களா? என்னையா? ஏறச் சொல்றீங்க?"

"ஏறு. மத்தியானம் வண்டி வர்ற நேரத்துக்கு முகட்டுல இரு. முடிஞ்சா கொஞ்சம் ஆடிக் காட்டு."

வியாபாரியின் வண்டி வந்து நின்றபோது ஜேபஸ் அந்தப் பெரிய களஞ்சியத்தின் முகட்டில் நின்று, கைகளை விரித்து, கப்பல்காரர்கள் ஆடுகிற ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான். கீழே குவென்லியன் கை தட்டினாள். தாமசின் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வாய் ஏதோ ஜெபம் முணுமுணுத்தது. வியாபாரி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "எத்தனை வயசு?" என்றார். சொன்னார்கள். வண்டியிலிருந்து இறங்காமலே திரும்பிவிட்டார். வேறு எவரும் வாங்க வரவில்லை. கடைசியில் பிரபு பிலிப்பைக் கூப்பிட்டனுப்பி, அவன் கொடுக்க முடிந்த விலைக்கே கொடுத்தார். ரூக்கூம் எண்டகாட்களுக்குச் சொந்தமாயிற்று. இனி யார் மூச்சு நின்றாலும் நிலம் போகாது.

ஊர் முழுக்கக் கொண்டாட்டம். என் கடையில் பீப்பாய்கள் காலியாயின. ஆனால் அடுத்த சில வாரங்களில் ஜேபஸின் முகத்தில் சுரத்தில்லை. பெஞ்சின் மூலையில் உட்கார்ந்துகொள்வான்.

"உனக்கென்ன இப்போ? இதைத்தானே கேட்டே? நீ செத்தா யாருக்கும் நஷ்டமில்லாத ஊர். அது இங்கயே வந்துடுச்சு" என்றேன்.

"வந்துடுச்சு. நேத்து தாமசின் என்னைத் தாண்டிப் போனாங்க. நான் ஏணியில நின்னேன். தலையைக்கூடக் குனியலை. சாதாரணமாப் போனாங்க." குவளையை மேஜையில் ஒரு சுற்றுச் சுற்றினான். "ஒரு மனுஷனுக்கு எதுக்குத்தான் சந்தோஷப்படறதுன்னு தெரியலை, ஹானர்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வெளியே வரும்போது தாமசின் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"உன் மூக்கு கோணலா இருக்குடா."

"பிறந்ததிலேர்ந்தே அப்படித்தான்."

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. இத்தனை வருஷமா உன்னைப் பாக்கறப்பெல்லாம் மேட்டு வயலும் ஆப்பிள் தோட்டமும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. இப்பத்தான் மூக்கு தெரியுது." சிரித்தாள். "அழகா ஒண்ணும் இல்லை."

ஜேபஸ் கோயில் வாசலில் நின்று அப்படிச் சிரித்ததைப் பார்த்துப் பாதிரியார் முகம் சுளித்தார். அன்று சாயங்காலம் தாமசின் குடிசைக்குச் சாப்பிடப் போனாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. மூன்று பேரும் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். தாமசின் கள்ளாட்டம் ஆடுவாள் என்றும், அதைப் பிடித்துக் கொடுப்பதில் தனக்கு நிகரில்லை என்றும் குவென்லியன் சொல்லுவாள்.

தாமசின் அதற்கப்புறம் சில வருஷம் இருந்தாள். தூக்கத்திலேயே போனாள். அவள் பெட்டியைத் தூக்கிய தோள்களில் ஒன்று ஜேபஸுடையது. அந்த வயதில் வேண்டாம் என்று பிலிப் தடுத்தும் அவன் கேட்கவில்லை.

போன அறுவடைக்குப் பிறகு ஜேபஸும் ஒரு சாதாரணச் சளியில் படுத்து, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் போய்விட்டான். பிலிப் ஆப்பிள் பிழிகிற வேலையை அன்று நிறுத்திவிட்டுப் பண்ணையாட்கள் எல்லாரையும் அழைத்துக்கொண்டு வந்தான். குவென்லியன் சிவப்புச் சால்வையோடுதான் வந்தாள், கறுப்பு அவருக்குப் பிடிக்காது என்றாள். குழி மூடியதும் என் பக்கம் சாய்ந்து, "பாவம், யாருக்கும் நஷ்டமில்லாம செத்துட்டார்" என்றாள். பிறகு முகத்தைச் சால்வையில் மூடிக்கொண்டாள்.

இப்போதும் வியாழக்கிழமைகளில் கடைக்கு வருவாள். என் சாராயத்தில் தண்ணீர் அதிகம் என்று சண்டை பிடிப்பாள். பிடித்துவிட்டு இன்னொரு குவளை கேட்பாள்.